ஏற்றுமதி மாதிரியா, ஏற்றுமதி வகையா?

சோவியத் டி-72 டாங்கியைச் சின்னதாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்டுகளை ஒப்பிட்டுத் தமிழில் எழுதுபவர்கள் மிகச் சிலர். கண்ணில் பட்டால் விடாமல் படித்துவிடுவேன். போன வாரம் அப்படிப் படித்த ஒன்றில் இந்த வரி: "இந்த மாதிரி, டி-72எம்1 ஏற்றுமதி மாதிரியின் சரியான மாதிரி." முதல் மாதிரியும் கடைசி மாதிரியும் கையில் தூக்கிப் பார்க்கும் பிளாஸ்டிக். நடுவில் இருப்பது, ஆங்கிலத்தில் 'எக்ஸ்போர்ட் மாடல்' என்கிற, வெளிநாடுகளுக்கு விற்கச் செய்த 41 டன் எடையுள்ள நிஜ டாங்கி. இரண்டு முறை படித்த பிறகுதான் எது எதுவென்று பிரிந்தது.

'மாடல்' என்ற சொல்லின் வேர் லத்தீன் 'மோடுலஸ்'. சிறிய அளவு என்று பொருள். இத்தாலியமும் பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சுருக்கிச் செய்த உருவத்துக்கும், தொழிற்சாலை வெளியிடும் வகைக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? தமிழில் 'மாதிரி'க்கு ஏற்கெனவே வேலை அதிகம். சாம்பிளும் மாதிரிதான், 'போல' என்பதும் மாதிரிதான். 'ஏற்றுமதி மாதிரி' என்றால், சரக்குக்கு முன்னால் அனுப்பிவைக்கும் சாம்பிள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிட மோசம் 'குரங்கு மாதிரி'. வெளிநாட்டுக்கென்று தரம் குறைத்துச் செய்த சோவியத் ஆயுதங்களுக்கு ஆங்கிலத்தில் 'மங்கி மாடல்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சோவியத் உளவுத்துறையிலிருந்து வெளியேறிய விக்டர் சுவோரவ் 1980களில் எழுதியதன் மூலம் பரவியது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதும் தமிழில் 'குரங்கைப் போல' என்று ஆகிவிட்டது. படிப்பவருக்கு டாங்கி எங்கே தெரியும்? எனக்கு அதில் இன்னொரு வருத்தமும் உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்த 'அஜேயா', இதே டி-72எம்1தான். நம் ஊர்த் தொழிலாளர்கள் கட்டிய வண்டியைத் தமிழிலேயே குரங்கு என்று எழுத எப்படி மனம் வருகிறது?

சிலர் 'ஏற்றுமதித் திரிபு' என்கிறார்கள். கொரோனா காலத்தில் பழகிய சொல். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் சொல்லும் திரிதல் வெறும் மாற்றம்தான், சரி. ஆனால் பேச்சில் பால் திரிந்தது என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். கிருமிக்கு அது பொருந்தும். வரைபடம் போட்டுத் திட்டமிட்டு மாற்றிய இயந்திரத்துக்குப் பொருந்தாது. 'ஏற்றுமதி ரகம்' இன்னும் சிக்கல். துணிக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். டாங்கியில் கதையே தலைகீழ். சோவியத் படை தனக்கு வைத்துக்கொண்ட டி-72ஏ வகையில், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரத்தின் முன்பக்கக் கன்னங்களுக்குள் மணல் கலந்த நிரப்பு இருந்தது. போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் செய்த டி-72எம்மில் வெறும் வார்ப்பு எஃகு.

ஆகவே 'ஏற்றுமதி வகை' போதும். அது தாழ்வையும் சொல்லாது, மேன்மையையும் சொல்லாது. தரம் குறைத்திருந்தால் எதைக் குறைத்தார்கள் என்று வெளிப்படையாக எழுதலாம்: கவசம் குறைத்த ஏற்றுமதி வகை. எல்லா ஏற்றுமதி வகையும் ஒன்றல்ல என்பதால் இது முக்கியம். டி-72எம்1இல் டி-72ஏயைப் போன்ற நிரப்புக் கோபுரமும், வண்டி உடலின் முன்பக்கச் சரிவின் மேல் 16 மில்லிமீட்டர் கூடுதல் தகடும் வந்துவிட்டன. முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தத் தகடு அரை மில்லிமீட்டர்கூட வராது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பு தெரியும். எம் கிட்டை எம்1 ஆக்க நினைப்பவர்கள் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளை வெட்டி, இழுவைக் கொக்கிகளைச் சுற்றி இடம் விட்டு ஒட்டுகிறார்கள். இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறவர்கள் சொல்லில் மட்டும் எல்லாவற்றையும் 'மாதிரி' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடுகிறார்கள்.

'மாதிரி' பிளாஸ்டிக்குக்கே இருக்கட்டும். என் அலமாரியில் உள்ள டமியா நிறுவனத்தின் கிட் பெட்டியின் பக்கவாட்டில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'டி-72எம்1, ஏற்றுமதி வகை. 1/35 மாதிரி.'