வைக்கோல் கட்டு ஆறும்வரை பொறுங்கள்

கொழும்பை அடுத்த கொலன்னாவையில் ஒரு வீடு. முற்றமென்று இருப்பது ஆறடி நிலம். ஒரு மழை பெய்தால் அதிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். 2016 மே வெள்ளத்தில் அந்தப் பகுதி மூழ்கிக் கிடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வீட்டு அம்மா நாலு வைக்கோல் கட்டு வாங்கி, சுவரோரம் வரிசையாக வைத்து, மண்ணுக்குப் பதிலாக அந்தக் கட்டுகளிலேயே பன்னிரண்டு தக்காளிக் கன்று நட்டிருந்தார். நான் போனபோது அத்தனையும் தலை சாய்ந்து கிடந்தன.

“மிஸ், காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்துறன். இன்னும் காணாதா?”

ஒரு கன்றை மெல்ல இழுத்தேன். வேர் அவிந்த கீரைத்தண்டு போல வழுவழுவென்று கையோடு வந்தது. “உள்ளுக்குக் கையை விட்டுப் பாருங்கோ அம்மா” என்றேன். மணிக்கட்டு வரை விட்டவர் சட்டென்று வெளியே எடுத்துவிட்டார். அவ்வளவு சூடு.

விவசாயப் போதனாசிரியையாக நான் பார்த்த வைக்கோல் தோட்டங்களில் பாதிக்கு மேல் கெட்டது இந்த அவசரத்தால்தான். நனைந்த வைக்கோலில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியதும் கட்டின் நடுவே வெப்பம் 50 பாகை செல்சியஸையும் தாண்டிப் போகும். அந்தச் சூடு தணிந்த பிறகுதான் அது வேருக்கு இடம். வைக்கோலில் நைதரசன் குறைவு என்பதால், நுண்ணுயிர்கள் முதலில் தங்கள் பசிக்கு எடுத்துக்கொள்ளும். அதற்குள் நட்டால் கன்று மஞ்சளாகும்.

வெட்டுப்பட்ட முனை மேலே தெரிய, கயிறு பக்கவாட்டில் வர, கட்டை முதலில் இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். நனைந்த பிறகு அசைக்க முடியாது. மூன்று நாள் தண்ணீர் மட்டும். அடுத்த மூன்று நாளும் கட்டுக்கு அரைக் கோப்பை யூரியா தூவித் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் மூன்று நாள் கால் கோப்பை. யூரியா வேண்டாமென்றால் நன்றாகக் கரைத்த மாட்டுச்சாணம் ஊற்றலாம், நாள் கொஞ்சம் கூடப் பிடிக்கும். பத்தாம், பன்னிரண்டாம் நாளில் கையை விட்டுப் பாருங்கள். உடம்புச் சூட்டுக்கு மேல் இல்லையென்றால் குழி தோண்டி, ஒரு கை நிறையக் கூட்டெரு போட்டு நடலாம். இடையில் சாம்பல் நிறக் காளான் முளைத்தால் பயப்படவேண்டாம், வைக்கோல் உக்குகிறதென்று அர்த்தம். ஆனால் அதைப் பறித்துச் சமைக்காதீர்கள்.

வைக்கோல் எந்த வயலிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். சில களைநாசினிகள் காய்ந்த தாளிலும் மாதக்கணக்கில் தங்கும். தக்காளியும் பயற்றையும் அதைத் தாங்காது. மண் நிரப்பிய இரண்டு சட்டியில் நாலு நாலு பயற்றை விதை போட்டு, ஒரு பிடி வைக்கோலை ஊறவைத்த தண்ணீரை முதல் சட்டியிலும், வெறும் தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றுங்கள். முதல் சட்டியில் மட்டும் இலை சுருண்டு முறுக்கினால் அந்த லோட் வேண்டாம்.

எலி விஷயத்தை நான் எந்த வீட்டிலும் சொல்லாமல் வருவதில்லை. கான் ஓரத்தில் வைத்த கட்டுக்குள் எலி குடும்பம் நடத்தும், அதன் சிறுநீரால் வருவது எலிக்காய்ச்சல். கட்டைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். காலில் கையில் காயமிருந்தால் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

2022 நெருக்கடியில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்துப் பயிரிடச் சொன்னபோது, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பலர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அங்கேதான் எனக்குப் பெரிய கவலை. நாலடிக்கு நாலடி, ஓரடி உயரத்தில் செங்கல் கட்டி மண் நிரப்பிய ஒரு மேட்டுப்பாத்தியை எண்ணிப் பாருங்கள்: பதினாறு கன அடி. நனைந்த மண் கன அடிக்கு 45 கிலோ என்று வைத்தாலும் 700 கிலோவுக்கு மேல். பத்துப் பேர் ஒரே இடத்தில் நெருக்கியடித்து இரவும் பகலும் நிற்பதற்குச் சமம். வீட்டைக் கட்டிய பொறியியலாளரைக் கேட்காமல் ஸ்லாப்பின் நடுவில் பாத்தி கட்டாதீர்கள். பைகளில், தும்புத்தூளும் கூட்டெருவும் கூடுதலாகக் கலந்து, சுவரோரமாக வைத்தால் பாரம் வெகுவாகக் குறையும்.

தரையில் இடமுள்ளவர்களுக்கு மேட்டுப்பாத்தி அருமையானது. வெள்ளம் நின்ற மண்ணிலும், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரத்திலும், பிரதான வீதியை ஒட்டிய நிலத்திலும் நேரடியாகக் கீரை போடவேண்டாம். ஈயம் கலந்த பெற்றோல் இங்கே 2002இல் நின்றாலும், மண்ணில் விழுந்த ஈயம் போகாது. நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம், இருபுறமும் நின்று கை எட்ட வேண்டும். வல்லாரை, கங்குன், வெண்டி, கத்தரி எல்லாம் நன்றாக வரும்.

சட்டிக்கடியில் தட்டு வைத்தால் கிழமைக்கு இருமுறையாவது தேய்த்துக் கவிழ்த்து விடுங்கள். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நுளம்பு பெருக விட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வழக்கும் வரும்.

கொலன்னாவை அம்மா இரண்டு கிழமை பொறுத்து மறுபடி நட்டார். ஆறு மாதத்தில் கட்டுகள் கறுத்துப் பாதியாகத் தாழ்ந்தன. அதை வாரிப் புதுப் பாத்தியில் கொட்டி, இப்போது அதில் பயற்றங்கொடி ஏற்றியிருக்கிறார்.