ஊற்றுக்குழியும் ஓசையும்: உப்புக்காற்றில் ஒரு சிந்தசைசர்

சென்ற வாடைக்காலத்தில், மண்டபத்தில் உள்ள என் வீட்டு மேசை மேல் சிறிய சிந்தசைசர் ஒன்றை, அதாவது மின்சுற்றால் ஓசை எழுப்பும் இசைக்கருவி ஒன்றை, கட்டி முடித்தேன். 9 வோல்ட் மின்கலம், ஒரு சில்லு, ஒரு மின்தேக்கி, ஒரு மெகா ஓம் மின்தடை, ஒரு சிறு பெருக்கி, பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி, இவ்வளவுதான் அதன் உடைமை. பிற்பகலில் அதன் ஓசையை, வாய்ப்பாட்டு பயிலும் என் மகளின் சுருதிப்பெட்டியோடு சேர்த்து வைத்தேன். இரவு பத்து மணி வாக்கில் அவள் என்னைக் கூப்பிட்டு, “அப்பா, உங்க ஸ காந்தாரத்துக்கு ஏறிருச்சு, வந்து கேளுங்க” என்றாள். அதற்குள் கருவியை யாரும் தொட்டிருக்கவில்லை. மின்கலத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் ஸ தானாகவே தன் இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் தேடிப் போனபோதுதான், இத்தகைய கருவி எப்படி ஒலிக்கிறது என்பதே எனக்கு முழுமையாக விளங்கிற்று.

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. குழியின் அடியில் நீர் மெல்லக் கசிந்து ஊறும். ஓர் அளவுக்கு ஏறியதும் சிரட்டையால் அள்ளுவார்கள். மட்டம் கீழே இறங்கியதும் அள்ளுவதை நிறுத்தி, மறுபடி ஊறட்டும் என்று காத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அள்ளலாம் என்பது இரண்டைப் பொறுத்தது: குழி எவ்வளவு அகலம், மணல் எவ்வளவு தாராளமாக நீரை விடுகிறது. நான் கட்டிய மின்சுற்றில் குழியின் இடத்தில் மின்தேக்கி இருக்கிறது, மணலின் இடத்தில் மின்தடை இருக்கிறது, மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் இடத்தில் சில்லு இருக்கிறது. ஊற்றில் ஒரு முறை அள்ளச் சில நிமிடங்கள் ஆகும். இங்கே அதே வேலை நொடிக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை நடக்கிறது. அந்த எண்ணிக்கையைத்தான் நம் காது சுருதி என்று கேட்கிறது.

சில்லின் பெயர் சி.டி.40106. பதினான்கு கால்கள் கொண்ட இந்தச் சிறு கறுப்புப் பூச்சிக்குள் ஒரே மாதிரியான ஆறு வாயில்கள் உண்டு. ஒவ்வொரு வாயிலும் தன் உள்ளீட்டில் வரும் மின்னழுத்தத்தைப் பார்த்து அதற்கு எதிர்மாறாக நடந்துகொள்ளும்: உள்ளே ஏறினால் வெளியே இறக்கும், உள்ளே இறங்கினால் வெளியே ஏற்றும். ஏற்றத்துக்கு ஒரு கோடும் இறக்கத்துக்கு வேறொரு கோடும் வைத்திருப்பதுதான் இதன் தனிச்சிறப்பு. 9 வோல்ட் கொடுத்தால் மேல்கோடு ஏறத்தாழ 5.3 வோல்ட், கீழ்க்கோடு ஏறத்தாழ 3.5 வோல்ட், சில்லுக்குச் சில்லு இது சற்று மாறும். வெளியீட்டை ஒரு மின்தடை வழியாகத் திருப்பி உள்ளீட்டுக்கே கொண்டுவந்து, அந்த உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு மின்தேக்கியை இணைத்துவிட்டால், விடாமல் அலை எழுப்பும் அலையியற்றி தயார். மின்தேக்கி மின்தடை வழியாக மெல்ல நிறைகிறது. மேல்கோட்டைத் தொட்டதும் வாயில் புரண்டு வெளியீடு பூஜ்யத்துக்கு விழுகிறது. இப்போது அதே மின்தடை வழியாக மின்தேக்கி வடிகிறது. கீழ்க்கோட்டைத் தொட்டதும் மறுபடி புரள்கிறது. ஊற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு இது ஒன்றுதான்: அங்கே ஒரே வீச்சில் அள்ளிவிடுகிறோம், இங்கே வடிவதும் ஊறிய வழியாகவே நடக்கிறது.

இந்த இரண்டு கோடுகளை வைத்துக் கணக்கிட்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் காலம், மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி வரும் தொகையில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பங்கு. 1 மெகா ஓம் மின்தடையும் 0.01 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கியும் சேர்ந்தால் பெருக்குத்தொகை 10 மில்லி நொடி. எனவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.1 மில்லி நொடி. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 123 சுற்றுகள். நம் கணக்கில் இது மந்திர ஸ்தாயியில் ஏழு கட்டை. மின்தடையைப் பாதியாக்கினால் சுருதி மேல் ஷட்ஜத்துக்குப் போகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் கிடைக்கும்.

இது புரிந்த பிறகு, கருவியை மாற்றி அமைப்பதெல்லாம் மணலை மாற்றுவதுதான் என்று தெரிந்துவிடும். மின்தடையின் இடத்தில் திருகு வைத்த மாறுமின்தடையைப் போட்டால் திருகத் திருகச் சுருதி ஏறி இறங்கும். ஒளிக்கேற்ப மாறும் மின்தடையைப் போட்டால், விளக்குக்கும் அதற்கும் நடுவே கையை அசைத்தே கமகம் போன்ற வளைவுகளை எழுப்பலாம். இரண்டு செப்புத் தகடுகளைப் போட்டு விரல் வைத்தால் தோலே மின்தடையாகிவிடும். வியர்த்த விரலுக்கு ஒரு குரல், காய்ந்த விரலுக்கு ஒரு குரல். குழந்தைகள் தூக்கிப் போட்ட பொம்மைக் கீபோர்டுகளிலும் இதே வேலையைச் செய்யலாம். மலிவான பொம்மைகள் பலவற்றில் மொத்தச் சில்லின் தாளத்தையும் ஒரே ஒரு மின்தடைதான் தீர்மானிக்கிறது. அதைக் கழற்றி மாறுமின்தடையை ஈயத்தால் பற்றவைத்தால், கீச்சென்று கத்திய பொம்மை கோயில் மணியின் ரீங்காரம்போல் இறங்கி ஒலிக்கும். அளவு மீறித் திருகினால் சில்லு திகைத்து நின்றுவிடலாம். மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் மீண்டுவிடும். மின்கலத்தில் ஓடும் கருவிகளில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைந்த எதையும் திறந்து இப்படிக் கை வைக்கக் கூடாது.

சுருதி கிடைத்தால் மட்டும் இசையாகிவிடாது. வாயிலிலிருந்து வருவது, பூஜ்யத்துக்கும் 9 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவும் சதுர அலை. அதில் அடிப்படைச் சுருதியோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் படிப்படியாகக் குறைந்த வலிமையில் கலந்திருக்கின்றன. அதனால்தான் அந்தக் குரல் கரகரவென்று காதைப் பிடிக்கிறது. இங்கே வடிப்பான் வருகிறது. அதுவும் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும்தான். வேகமாக மாறும் அலைகளுக்குக் குழி நிறைய நேரம் போதாது. எனவே அவை அடங்கிப்போகின்றன, மெதுவான அலை மட்டும் முழுமையாகக் கடக்கிறது. 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் வைத்தால் ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை தேயத் தொடங்கும். சுருதியை உண்டாக்கும் அதே இரண்டு பொருள்கள் குரலின் மென்மையையும் தீர்மானிக்கின்றன என்பது இன்றும் எனக்கு அலுக்காத வியப்பு.

பெரிய சிந்தசைசர்களில் கையால் திருகுவதற்குப் பதிலாக ஒரு மின்னழுத்தமே திருகைத் திருப்பும். ராபர்ட் மூக் 1964-இல் அமெரிக்காவில் முன்வைத்த கருவியின் சாரம் இதுதான்: ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். அவருடைய சிந்தசைசர் ஒன்று 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது; டேவிட் டியூடர் என்ற இசைக்கலைஞர் அதை அங்கே நிறுவினார். அந்த வகைக் கருவியில், டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் 18 மில்லி வோல்ட்டுக்கு ஒரு முறை இரட்டிக்கும் இயல்பைப் பயன்படுத்துகிறார்கள். அந்த 18 வெப்பத்தோடு மாறுவதால் சுருதி நழுவும், அதைச் சரிக்கட்டத் தனி மின்தடை வேண்டும். தொடங்குபவர்கள் அதற்குள் இப்போதே போக வேண்டியதில்லை. நம் கடற்கரையில் நழுவலுக்கு வேறு காரணம் காத்திருக்கிறது.

மண்டபம் இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்புத்தான் வரும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய்வதற்கான நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதும் இந்தக் காற்றுக்காகத்தான். திறந்த மேசையில் கிடக்கும் மின்சுற்றுப் பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அது தீங்கற்ற தூசி. ஆனால் சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசப்பது இதனால்தான். பொழுது சாய்ந்து காற்று குளிரக் குளிர ஈரப்பதம் ஏறி, பலகையின் மேலிருந்த தூசி மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாகிறது.

அப்படலம் என் 1 மெகா ஓம் மின்தடையின் இரு கால்களுக்கும் நடுவே பாலம் போட்டுவிட்டது. வரைபடத்தில் இல்லாத ஒரு மின்தடை அதற்கு இணையாக வந்து சேர்ந்தால் மொத்தத் தடை குறையும், சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி உண்டானது. படலத்தின் தடை 4 மெகா ஓம் என்றால் மொத்தத் தடை 0.8 மெகா ஓமாகிச் சுருதி 4-க்கு 5 என்ற விகிதத்தில் ஏறும். அது அந்தர காந்தாரம். 3 மெகா ஓம் என்றால் 3-க்கு 4, சுத்த மத்திமம். 2 என்றால் பஞ்சமம். 1 என்றால் மேல் ஷட்ஜம். என் மகள் காந்தாரம் என்று சொன்ன அந்த இரவில் மேசையின் மேல் உப்பு 4 மெகா ஓம் அளவுக்குக் கசிந்திருந்தது என்று, மீட்டர் இல்லாமல், அவள் காதை வைத்தே சொல்லிவிடலாம்.

படலம் வேறிடத்தில் படிந்தால் விளைவு இன்னும் மோசம். மின்தேக்கியின் இரு கால்களுக்கு நடுவே 1 மெகா ஓம் அளவுக்குக் கசிவு ஏற்பட்டால், குழி நிறைய நிறைய அடியில் ஒழுகும். 9 வோல்ட்டில் பாதியான 4.5-க்கு மேல் மட்டம் ஏறாது. மேல்கோடு 5.3-இல் இருப்பதால் வாயில் புரளவே புரளாது, கருவி ஊமையாகிவிடும். கடலோரத்தில் இரவில் நின்று பகலில் பேசும் கருவியைக் கண்டால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சீர்செய்வது கடினமன்று. பற்றவைத்த பின் தங்கும் குங்கிலியப் பிசுக்கு உப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்; ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, உலர்ந்த சூட்டோடு நகச்சாயத்தை இரண்டு பூச்சாகப் பூசிவிட வேண்டும். ஈரத்தோடு பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். இதைவிட நல்ல வழி கணக்கிலேயே இருக்கிறது. மின்தடையை 10 கிலோ ஓமாகக் குறைத்து, மின்தேக்கியை 1 மைக்ரோ ஃபாரடாகப் பெரிதாக்கினால் சுருதி அதே 123-தான். ஆனால் 4 மெகா ஓம் உப்புப்படலம் வந்து சேர்ந்தாலும் அது நகர்வது கால் விழுக்காடுதான், எளிதில் காதில் படாது. மின்தேக்கி சற்றுப் பெரிதாகும், விலையும் கூடும். வெளியூர் வரைபடங்கள் சிறு மின்தேக்கியும் பெரு மின்தடையுமாக வரையப்பட்டிருந்தால், நம் பக்கம் கட்டுபவர்கள் அவற்றை இப்படித் திருத்திக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சில்லின் பதினான்கு கால்களில் முதலில் பச்சை பூத்தது பதினான்காம் கால். அதில்தான் எந்நேரமும் 9 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. உப்புநீரில் நேர்முனையாக நிற்கும் செம்பு கரைந்து பச்சை உப்பாக மாறுகிறது. ஆனால் அலையியற்றியின் மின்தடைக் கால்களில் அத்தனை அரிப்பு இல்லை. மின்தேக்கிக்குள் ஒரு சுற்றில் எவ்வளவு மின்னூட்டம் போகிறதோ அவ்வளவும் அதே வழியே திரும்பி வந்தாக வேண்டும். எனவே அங்கே செம்பு ஒரே திசையில் கரைந்துகொண்டே போவதில்லை.

இதை அறிந்ததும் உப்பையே வாசிக்க விடலாம் என்று தோன்றியது. துளைப்பலகையின் செப்புப் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்து இரண்டு சீப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தாற்போல் அமைத்து, அதை மொட்டைமாடியில் திறந்து வைத்தேன். சில்லை மூடிய டப்பாவுக்குள் வைத்தேன். மின்தேக்கி 0.1 மைக்ரோ ஃபாரடு. சீப்புக்கு இணையாக 10 மெகா ஓம். அவ்விரண்டுக்கும் தொடராக 10 கிலோ ஓம். பிற்பகலில் அது நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் தட்டல்கள் நெருங்கின. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போய்க் கேட்டபோது தட்டல் என்பதே மறைந்து, கடலின் இரைச்சலுக்கு மேல் ஒரு தாழ்ந்த குரல் எழுந்து, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை பெய்தது. மழைநீர் சீப்பைக் கழுவிவிட்டதால், அன்றிரவு காற்றில் அத்தனை ஈரம் இருந்தும், பட்டைகள் காய்ந்த பிறகு வெறும் தட்டல் மட்டுமே கேட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாடை அடித்து உப்பைக் கொண்டுவந்த பிறகுதான் குரல் திரும்பியது.