பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

மக்களவை காலை 11 மணிக்குக் கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்குத்தான். இதைக் கேள்வி நேரம் என்பார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். சபாநாயகர் பெயர் சொன்னதும் உறுப்பினர் எழுந்து எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சரோ 'பதில் அவையில் வைக்கப்பட்டுள்ளது' என்று சொல்லிவிடுவார். அப்படியானால் கேள்வி எங்கே, பதில் எங்கே?

இரண்டும் ஏற்கெனவே அச்சாகி எல்லார் கையிலும் இருக்கின்றன. உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்திருப்பார். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, வாரத்தில் குழுவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் ரயில்வே பற்றி நினைத்த நாளில் கேட்க முடியாது. குவியும் நோட்டீஸ்களில் யாருடையது முன்னால் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. கட்சித் தலைவரானாலும் புது உறுப்பினரானாலும் ஒரே குலுக்கல்தான். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி. அவற்றுக்கு அவையில் வாய்மொழிப் பதில் உண்டு. இன்னும் 230 கேள்விகள் வரை எழுத்து மூலம் பதில் பெறும். ஆனால் 20 என்பது பட்டியலில்தான். மணி 12 ஆகிவிட்டால், முறை வராத நட்சத்திரக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதிலோடு சரி. மூன்றாம் இடத்தில் இருப்பவர் நிம்மதியாக வருவார். பதினேழாம் இடத்தில் இருப்பவருக்குக் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும்.

ஏன் இவ்வளவு தவிப்பு? பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக் கேள்விக்காகத்தான். அச்சிட்ட பதிலை அதிகாரிகள் நிதானமாகத் தயாரித்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் அடுத்து என்ன கேட்பார் என்பது அமைச்சருக்குத் தெரியாது. அந்த உறுப்பினர் முடித்ததும் மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம். அமைச்சர் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். எல்ஐசி பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்ட விவகாரம் 1957-ல் மக்களவையில் ஒரு கேள்வியாகத்தான் கிளம்பியது. விசாரணை வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

2020 மழைக்காலக் கூட்டத்தொடரில், கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. அந்தக் காகிதத்திடம் துணைக் கேள்வி கேட்க முடியவில்லை.