புரொபேஷன், ரெவொக்கேஷன்: காப்பீட்டு உரிமத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

மதுரை செல்லூரில் எல்.ஐ.சி. கோட்ட அலுவலகப் பக்கம் முகவர்கள் பேசிக்கொள்வது ஒரே வாக்கியம்தான்: "அவருக்கு ஏஜென்சி போச்சுண்ணே." குறைந்தபட்ச பிசினஸ் பிடிக்காமல் போனதா, விசாரணைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்களா, தப்புக்குத் தண்டனையாகப் பறித்துவிட்டார்களா, மூன்றுக்கும் அதேதான். டீக்கடைக்கு அது போதும், எழுதப் போதாது.

புரொபேஷன் என்பது, சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ஏற்கெனவே இரண்டு சொற்கள் புழங்குகின்றன. அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் வெளியே விடும் குற்றவாளிக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. இரண்டும் அருமையான சொற்கள், ஆனால் காப்பீட்டு உரிமத்துக்கு ஒட்டாது. உரிமக்காரர் தேர்வெழுதித் தகுதியைக் காட்டிவிட்டு வந்தவர். குற்றவாளிக் கூண்டில் ஏறியவரும் இல்லை. அமெரிக்க மாநிலங்களில் காப்பீட்டு ஆணையர் ஒரு முகவரின் உரிமத்தைப் புரொபேஷனில் வைக்கலாம். அவர் தொழிலைத் தொடரலாம், ஆனால் ஆணையர் போட்ட நிபந்தனைக்குள். அதனால் 'நிபந்தனைக் கண்காணிப்பு' என்பதே என் தேர்வு. நம்மூர் முகவர் விதிகள் பேசுவது இடைநிறுத்தம், ரத்து ஆகிய இரண்டைத்தான்.

ரெவொக்கேஷனுக்கு லத்தீனில் திரும்ப அழைத்தல் என்று பொருள். கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்வது. 'உரிமம் திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதினால், இழந்தவர் மறுபடி வாங்கிவிட்டார் என்றும் படிக்கலாம். அரபியில் பிறந்து உருது வழியாக வந்த 'ரத்து' எல்லோருக்கும் புரியும். ஆனால் வைகை எக்ஸ்பிரஸும் ரத்து, தேர்வும் ரத்து. 'உரிம நீக்கம்' தெளிவு.

அப்புறம், 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் நம்மூர்க் காப்பீட்டு முகவருக்கு, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) உரிமமே கிடையாது, நிறுவனம்தான் நியமிக்கிறது. ஆகவே அவருக்கு வருவது நியமன ரத்து. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் தீப்பிடித்தால் நட்டத்தை மதிப்பிட வருகிறாரே சர்வேயர், அவருக்குத்தான் உரிம நீக்கம் பொருந்தும்.

எந்தத் தப்புக்கு நியமனம் போகும்? "மொத பிரீமியத்த நானே கட்டிர்றேன், கையெழுத்த மட்டும் போடுங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதற்கே போகலாம். இப்படி வாடிக்கையாளருக்குக் கமிஷனில் பங்கு தருவதை 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. 2015 திருத்தம் அதற்கான அபராதத்தை 10 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. முன்மொழிவுப் படிவத்திலேயே இந்தப் பிரிவு அச்சாகியிருக்கும், கையெழுத்துப் போடுகிறவர்தான் படிப்பதில்லை.

முகவரின் நியமனம் போனாலும் அவர் பிடித்துக் கொடுத்த பாலிசி போகாது. ஒப்பந்தம் நிறுவனத்தோடுதான். பிரீமியத்தை நேரே கிளை அலுவலகத்தில் கட்டிக்கொள்ளலாம்.