பக்கவாதத்துக்குப் பரு மாத்திரையா? மெடிக்கலில் கேட்கும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரியில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்களில் சிலர் போனை நீட்டி ஒரு செய்தியைக் காட்டுகிறார்கள். "தம்பி, முகப்பருவுக்குக் குடுக்குற மாத்திரை ஸ்ட்ரோக் வந்தவங்க மூளையைக் காப்பாத்துதாமே, ஒரு அட்டை வாங்கி வீட்ல வெச்சுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். செய்தி பொய் இல்லை. ஆனால் அந்த அட்டை வீட்டில் இருந்தால் ஆபத்துதான்.

அந்த மருந்தின் பெயர் மினோசைக்ளின். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக், தோல் டாக்டர்கள் ரொம்ப வருஷமாகப் பருவுக்கு எழுதுவது. கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் மூளைக்குள்ளும் சுலபமாகப் போய்விடும். சரி, பக்கவாதத்தில் கிருமியே இல்லையே, ஆன்டிபயாடிக்குக்கு என்ன வேலை? ரத்தக்குழாய் அடைத்து மூளையில் ஒரு பகுதி சாகும்போது அங்கே இருக்கிற மைக்ரோக்ளியா என்னும் காவல் செல்கள் கிளர்ந்தெழுகின்றன. காட்டுத்தீ அணைக்க ஓடி வந்த கூட்டம் பக்கத்துத் தோட்டத்தையும் மிதித்துத் துவைப்பது போல, அவை கக்கும் பொருட்கள் இன்னும் உயிரோடு இருக்கிற சுற்றுப்புறச் செல்களையும் கெடுத்துவிடுகின்றன. ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் ஒரு நொதியும் அப்போது கூடுகிறது. மினோசைக்ளின் இந்த இரண்டையும் அடக்குகிறது, கிருமியைக் கொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1990-களின் கடைசியிலேயே ஆய்வக விலங்குகளில் இதைப் பார்த்துவிட்டார்கள். 2007-ல் இஸ்ரேலில் சுமார் 150 நோயாளிகளிடம் சோதித்தபோது மாத்திரை எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள், ஆனால் யாருக்கு எது கொடுக்கிறோம் என்பது மறைக்கப்படாத சோதனை அது. பிறகு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சிறிய சோதனையில் பலன் தெரியவில்லை. இப்போது போனில் சுற்றுவது சீனாவில் 1,724 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு, 2025 பிப்ரவரியில் வெளியில் சொன்னார்கள். அடைப்பால் பக்கவாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, முதலில் 200 மில்லிகிராம், அப்புறம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 100 என நான்கு நாள். மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய பழையபடி ஆனவர்கள் மருந்து எடுத்தவர்களில் 52.6 சதவீதம், எடுக்காதவர்களில் 47.4. அதாவது நூறு பேரில் கூடுதலாக ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் சின்ன எண் என்று நான் சொல்லமாட்டேன்.

அதுவும் நம் மலைக்காரர்களுக்கு அந்த 72 மணி நேரம் என்பது தனியாக நம்பிக்கை தருகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவரை ரோட்டுக்குத் தூக்கி வந்து, வண்டி பிடித்து, மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கி, அதற்கப்புறம் கோயம்புத்தூர் போவதற்குள் நேரம் போய்விடும், ஐப்பசி மழையில் மண் சரிந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். நேரம் தப்பியவர்களுக்கும் கொடுக்க ஒரு மலிவான மருந்து வருமானால் அது நீலகிரிக்கு வரம். அதனாலேயே இதை வேறு நாடுகளிலும் சோதித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவசரப்பட்டு நம்பவும் முடியாது: மூளை நரம்புக்கு நல்லது என்று நம்பி இதே மினோசைக்ளினை, ஏ.எல்.எஸ். என்ற, தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துப்போகும் நோய் வந்த நானூறு பேரிடம் சோதித்ததில், மருந்து எடுத்தவர்கள்தான் வேகமாக மோசமானார்கள், 2007-ல் வந்த முடிவு அது. இன்னொன்று, ஆன்டிபயாடிக் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. நெதர்லாந்தில் 2,500 பேருக்கு மேல் செஃப்ட்ரியாக்சோன் ஊசியை முன்கூட்டியே போட்டுப் பார்த்தார்கள், பக்கவாதத்திலிருந்து தேறுவதில் வித்தியாசமே இல்லை.

வீட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன? வாய் கோணியவருக்குத் தொண்டையும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யாது. மாத்திரையும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். மாத்திரை மட்டுமில்லை, சுக்குக் காபியோ சர்க்கரைத் தண்ணீரோ எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். அப்புறம், வந்திருப்பது அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, கை கால் இழுத்தவருக்கும் அதே மாத்திரையைக் கேட்டு வருகிறார்கள். கசிவாக இருந்தால் அது ரத்தப்போக்கைக் கூட்டும். நான் கொடுக்கமாட்டேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. புறா ரத்தம் தேய்க்கக் கூட்டிப் போவதில் ஒரு மணி நேரம் போனால், அந்த ஒரு மணி நேரத்தில் சாகும் நரம்புச் செல்கள் பத்துக் கோடிக்கு மேல்.

மினோசைக்ளினுக்கே தலைசுற்றல் வரும், அதுவே பக்கவாதத்தின் அறிகுறியோ என்று குழப்பும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கும் ஆகாது.

மாத்திரைக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் பி.பி. மாத்திரைக்குச் செய்யுங்கள். குளிர் காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும், நம் ஊரில் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் நிறைய. "இப்ப நல்லாதானே இருக்கேன்" என்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், அதையாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை கீழே விழுகிறதா, பேச்சு குளறுகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதம் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே இழுத்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள், படுக்கப் போனபோது எப்படி இருந்தார், மணி என்ன என்று சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா கூடாதா என்று டாக்டர் முடிவு செய்ய அது கட்டாயம் வேண்டும்.