கை மட்டும் ஏன் கலங்கித் தெரிகிறது?

மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் தொழில். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கலங்கிய படங்களைக் கொண்டுவந்து, "லென்ஸ்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும்.

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கு, மைக் கம்பி, ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், ஆடியது உங்கள் கை. பின்திரையின் மடிப்புகள் பளிச்சென்று தெரிந்து, ஆள் முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் ஃபோகஸ் திரையில் விழுந்திருக்கிறது. முகம் தெளிவாக இருந்து கைவிரல்கள் மட்டும் கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை, அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம் நீண்டுவிட்டது. என்னிடம் வருபவற்றில் இதுதான் அதிகம்.

விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கை, 1/60 விநாடிக்குள் 5 செ.மீ. நகர்ந்துவிடும். 1/500 என்று வைத்தால் 6 மி.மீ. தான். 'ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே' என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது உங்கள் கைநடுக்கத்தைச் சரிசெய்யும், எதிரே ஆடுபவரை நிறுத்தாது.

சரி, 1/60-இலிருந்து 1/500-க்குப் போனால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 4-இலிருந்து எஃப் 1.8-க்குத் திறந்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் கூர்மையாக விழும் ஆழம் குறைந்துவிடும். ஆள் ஓர் அடி முன்னால் வந்தாலே கண் ஃபோகஸை விட்டு விலகலாம். அதனால் தொடர் ஃபோகஸில் வைத்து, கண்ணையோ முகத்தையோ விடாமல் பின்தொடருங்கள்.

மீதியை ஐ.எஸ்.ஓ. (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) பார்த்துக்கொள்ளட்டும். 6400 என்றதும் பலர் பயப்படுகிறார்கள். புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், அச்சில் பாதி கண்ணுக்கே தெரியாது. இழுபட்ட முகத்தை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது. ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டப் பயந்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினாலும் நாய்ஸ் வரத்தான் செய்யும். பல கேமராக்களில் இன்னும் மோசமாக. நான் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் மேனுவலில் பூட்டிவிட்டு, ஐ.எஸ்.ஓ.-வை மட்டும் ஆட்டோவில் விடுவேன். முகத்தில் ஒளி, பின்னால் கும்மிருட்டு என்றால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைத்துவிடும். அப்போது எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) ஒரு படி கீழே இறக்கினால் போதும்.

வெளிச்சம் 1/500-க்கு இடம் கொடுக்கவே இல்லையா? அசைவையே கவனியுங்கள். துள்ளுபவர் உச்சியைத் தொடும்போது, கை ஒரு பக்கம் போய்த் திரும்பும்போது, வேகம் நொடிப்பொழுது ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்தக் கணத்தில் 1/200 கூடத் தாங்கும். பாட்டின் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டே எடுத்தால் அது வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். வெறும் பர்ஸ்ட்டை (படபடவென்று தொடர்ந்து எடுக்கும் முறையை) நம்பி அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் இதைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எல்.ஈ.டி. விளக்குகள். சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும். வேகமான ஷட்டரில் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். எலக்ட்ரானிக் ஷட்டர் (ஷட்டர் திரை அசையாமல் சத்தமின்றி எடுக்கும் முறை) என்றால் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், கேமராவில் ஃபிளிக்கர் (இந்தத் துடிப்பின் பாதிப்பு) குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன், விளக்குகளைச் சோதிக்கும் நேரத்திலேயே நாலு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.