டோகர்லாந்து: கடல்கொண்ட ஒரு நிலத்தின் பெயர்

இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கும் நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளின் கரைகளுக்கும் இடையில், இன்று வட கடல் பரந்து கிடக்கும் இடத்தில், கடைசிப் பனியூழி முடியும் காலத்தில் மனிதர் வாழ்ந்த தாழ்நிலமே டோகர்லாந்து எனப்படுகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனிப்பாளங்கள் உருகத் தொடங்கியபின் குளிர்ந்த புல்வெளி மெல்ல மெல்ல பிர்ச், பைன், ஹேசல் மரங்களின் காடாக மாறியது. அக்காட்டில் மான் வேட்டையாடியும், ஆறுகளிலும் ஏரிகளிலும் மீன் பிடித்தும் மக்கள் வாழ்ந்தனர். காட்டை வளர்த்த அதே வெப்பமே கடலையும் ஏற்றியது. நிலம் சமதளமாக இருந்ததால் நீர்மட்டம் சிறிதளவு உயர்ந்தாலும் கடல் வெகுதூரம் நிலத்துக்குள் புகுந்தது.

'டோகர்' என்பது அக்கடலில் காட் மீன் பிடிக்கச் சென்ற பழைய டச்சுப் படகின் பெயர். படகின் பெயர் முதலில் டோகர் மேடு எனும் கடலடித் திட்டுக்கு வழங்கியது. அத்திட்டின் பெயரைக்கொண்டு மூழ்கிய நிலம் முழுவதற்கும் 1998-இல் டோகர்லாந்து என்று பெயரிட்டவர் பிரிட்டனின் தொல்லியலாளர் பிரயனி கோல்ஸ். அதற்கு முன் பலரும் இதனைப் பிரிட்டனையும் ஐரோப்பாவையும் இணைத்த 'நிலப்பாலம்' என்றே எழுதிவந்தனர். பாலம் என்றால் மனிதர் கடந்து போகும் இடம் என்றாகிவிடுகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. கோல்ஸின் பெயர் அந்தக் குறையை நீக்கியது என்பதால்தான் அதனை முக்கியமாகக் கருதுகிறேன்.

குடியிருப்புக்கான சான்று ஆய்வாளர்களுக்கு முன்பே மீனவர் கைக்குக் கிடைத்திருந்தது. 1931-இல் நார்ஃபோக் கரைக்கு அப்பால் கொலிண்டா என்னும் இழுவலைக் கப்பலின் வலையில், மட்கிய தாவரங்கள் இறுகிய கறுப்புக் கட்டி ஒன்று ஏறியது. கப்பல் தலைவர் லாக்வுட் மண்வெட்டியால் அதனை உடைத்தபோது உள்ளே ஏதோ கடினமான பொருள் தட்டுப்பட்டது. மான்கொம்பில் செதுக்கி, ஒரு பக்கம் முள்முள்ளாக வெட்டப்பட்ட, சாண் நீள ஈட்டிமுனை அது. அப்பகுதியின் கறுப்புக் கட்டிகளில் இருந்த மகரந்தத்தை ஆராய்ந்தபோது, அவை நன்னீர்ச் சதுப்பில் உருவானவை என்பது தெரியவந்தது. பிற்காலத்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் காஃப்னி தலைமையிலான குழு, எண்ணெய் வளம் தேடுவோர் கடலடிக்குள் அதிர்வலைகளைச் செலுத்தித் திரட்டிய தரவுகளைக் கொண்டே, அக்கடலடியில் புதைந்த ஆறுகளையும் ஏரிகளையும் வரைபடமாக்கியது.

தமிழில் இதற்கு என்ன சொல் ஆள்வது? 'கடற்கோள்' என்ற சொல் உடனே நினைவுக்கு வரும். ஆனால் இன்று அது ஆழிப்பேரலை போன்ற திடீர் அழிவையே பெரிதும் சுட்டுகிறது. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே அருகே ஸ்டோரேகா கடலடிச் சரிவு எழுப்பிய பேரலையைக் கடற்கோள் எனலாம். அப்போதே இந்நிலத்தின் பெரும்பகுதி மூழ்கித் தீவுகளாகச் சிதறியிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகள் நீடித்த அந்த மெதுவான நிகழ்வுக்குக் 'கடலேற்றம்' என்பதே பொருந்தும். 'நாடு' என்ற சொல் இன்று எல்லையும் ஆட்சியும் உள்ள இடத்தைக் குறிப்பதால் வேட்டைக்குடிகளின் வாழிடத்துக்கு ஒவ்வாது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றைச் சார்ந்தே மக்களையும் தொழிலையும் வகுத்த தமிழ் மரபில் 'நிலம்' என்பது வெறும் மண்ணன்று. ஆகவே பெயராக 'டோகர் நிலம்' என்றும், பொதுச்சொல்லாகக் 'கடல்கொண்ட நிலம்' என்றும் ஆளலாம். இவ்வழக்கு, கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் குமரிக்கோடு என்ற மலையை நினைவூட்டினாலும், இங்கே பேசப்படுவது கடலடியில் அளந்து காட்டப்பட்ட நிலம் என்பதை மறக்கலாகாது. ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த பெரிஞ்சியா, தென்கிழக்காசியாவின் சுண்டாலாந்து ஆகியவற்றின் மூழ்கிய பகுதிகளுக்கும் இதே பொதுச்சொல் பொருந்தும்.